ஊதம்மாவும் ஒரு அடி குறைந்த ஏணியும்

எங்கள் பஞ்சாலையின் மருத்துவ அறையில் பதினோரு வருடம் மனிதர்களின் ஐம்புலன்களைச் சோதித்தவன் நான். ஐந்தையும் என்று சொன்னால் பொய். மூக்குக்கும் நாக்குக்கும் தோலுக்கும் நிர்வாகத்திடம் படிவம் கிடையாது. படிவம் இல்லாத புலன் இருந்தால் என்ன, போனால் என்ன! கண், காது, கூடவே உயரம், எடை, இவ்வளவுதான் என் ராஜ்ஜியம். துணித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மூச்சு. அது ஊதம்மாவின் ராஜ்ஜியம்.

ஊதம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. சோதனைக்கு வந்து உட்காருகிறவரின் மூக்கை ஒரு கிளிப்பால் மூடி, வாயில் அட்டைக் குழாயைக் கொடுத்து, "நல்லா இழுங்க, இன்னும், இன்னும்... இப்ப ஊதுங்க! ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, நிறுத்தாதீங்க, அடிவயித்துல இருக்கறது வரைக்கும் ஊதுங்க!" என்று அவர் போடும் சத்தம் வாசல் கேட்டு வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தம் வைத்த பெயர்தான் அது. இங்கே வருவதற்கு முன் ஒரு பிரசவ வார்டில் ஆயாவாக இருந்தவர். பத்து வருடம் "முக்கு தாயி, முக்கு" என்று கத்திப் பழகிய தொண்டை. மூன்று வாரப் பயிற்சி கொடுத்து மூச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார வைத்தார்கள். அவரைப் பொறுத்தவரை வேலை ஒன்றுதான். உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவர வேண்டும், வருகிறவரை விடக்கூடாது.

என் பக்கத்தில் நடந்தது சோதனையே இல்லை, கூத்து. கண் பரிசோதனைப் பலகையின் கடைசி வரி ஆலை முழுக்கப் பாராயணம். பார்வை மங்கியவர்கள் தமக்கு முன்னால் நிற்பவர் படிப்பதைக் காதில் வாங்கிக்கொண்டு அப்படியே ஒப்பிப்பார்கள். காதுச் சோதனைக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு உண்டு. நான் பொத்தானை அழுத்தினால் உள்ளே இருப்பவருக்கு 'கீங்' என்று கேட்கும், கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். தறிச் சத்தத்தில் காது போனவர்கள் கண்ணாடி வழியாக என் விரலையே பார்த்துக்கொண்டிருந்து, அது அசையும்போது தங்கள் விரலைத் தூக்குவார்கள். ஆகக்கூடி, காது நன்றாக இருந்தால் கண் பாஸ், கண் நன்றாக இருந்தால் காது பாஸ். இரண்டும் போனவரை மேஸ்திரி ஆக்கிவிடுவார்கள்.

இதைச் சொல்லி ஊதம்மா என்னைக் கிண்டல் செய்வார். "உங்க பக்கம் எல்லாம் திருட்டுப் பசங்க சார். எங்கிட்ட வந்தா ஒருத்தரும் ஏமாத்த முடியாது. மூச்சை மனப்பாடம் பண்ண முடியுமா? பக்கத்து ஆள்கிட்ட காப்பி அடிக்க முடியுமா?"

வரிசையில் நிற்பவர்களுக்கு அவர் பாடமே எடுப்பார். விரித்த குடை ஒன்று அவர் மேசைக்கடியில் எப்போதும் இருக்கும். "நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இந்த மாதிரி ஒரு தசை இருக்கு. மூச்சு இழுக்கறப்ப இந்தக் குடை கீழ எறங்கும், விலா எலும்பு விரியும். உள்ள இடம் உண்டாகும். இடம் இருந்தா காத்து தானா வந்து உக்காரும். காத்தை யாரும் இழுக்கறதில்ல. இடம் குடுக்கறோம், அது வருது." பிறகு குடையை நட்ட நடு அறையில் படக்கென்று தூக்குவார். "வெளிய விடறது இதுதான். நல்ல நுரையீரல்னா உள்ள இருக்கறதுல முக்கால்வாசி முதல் விநாடியிலயே பாஞ்சு வந்துடணும். தூசி அடைச்ச நுரையீரல்னா சந்துல மாட்டின லாரி மாதிரி மெதுவா மெதுவா வரும்." பட்டம் பெற்ற எங்கள் டாக்டர் மாதம் ஒரு தடவை வந்து, கட்டுக் கட்டாகக் காகிதங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அவர் ஒரு நாளும் குடையை எடுத்ததில்லை; மழை பெய்தால்கூட ஓடித்தான் போவார்.

அந்த இயந்திரத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என் பாவம் அங்கேதான் இருக்கிறது. எவ்வளவு காற்று வந்தது என்று அது சும்மா சொல்லிவிட்டுப் போகாது. உயரமான ஆளுக்குப் பெரிய நுரையீரல், குட்டையான ஆளுக்குச் சின்ன நுரையீரல். அதனால் "இந்த உயரத்துக்கு, இந்த வயதுக்கு இவ்வளவு வரவேண்டும், இவர் அதில் நூற்றுக்கு இத்தனை ஊதினார்" என்று கணக்குப் போடும். எண்பதுக்கு மேல் வந்தால் திரையில் பச்சை. கீழே போனால் சிவப்பு. சிவப்பு வாங்கியவரைத் தூசி இல்லாத இடத்துக்கு மாற்ற வேண்டும் என்பது சட்டம். ஒரு பிரிவில் ஐந்து சிவப்புக்கு மேல் விழுந்தால் அந்தப் பிரிவில் தூசி உறிஞ்சும் இயந்திரம் பொருத்த வேண்டும் என்பதும் சட்டம். ஊதம்மாவுக்குத் திரையிலும் அச்சாகி வரும் சீட்டிலும் தெரிவது டோக்கன் எண், நூற்றுக்கு எவ்வளவு, என்ன நிறம் என்பது மட்டும்தான். உயரம் என் மேசைக் கணினியில் ஏறும். ஆள் அவரிடம் போவதற்குள் உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்த ஆளின் உயரத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

ஊதம்மா வந்த முதல் வருடமே, ப்ளோ ரூம் எனப்படும் பஞ்சுப் பொதி பிரிக்கும் இடத்தில் ஏழு பேர் சிவப்பு. அங்கே வேலை செய்பவர்கள் வெளியே வரும்போது புருவம்கூட நரைத்திருக்கும், தட்டினால் கறுப்பாகும். ஆபீசர், அதாவது ஆட்களை நிர்வகிக்கும் அதிகாரி, என் மேசைக்கு வந்தார். கோபமே வராத மனிதர். வந்திருந்தால் தேவலை.

"சார், உயரம் அளக்கறப்ப தலைமுடியைக் கழிச்சீங்களா?"

"முடியா சார்?"

"பின்ன? முடி உயரமா? ஒரு அங்குலம் கழிங்க. செருப்புக்கு ஒரு அங்குலம்."

"செருப்பைக் கழட்டிட்டுத்தான் சார் நிக்க வைக்கிறேன்."

"கழட்டினதுக்கு அப்புறமும் பழக்கத்துல கொஞ்சம் உயரமாத்தான் நிப்பாங்க. கழிங்க."

கழித்தேன். ஏழு பேரையும் மறுபடி ஊத வைத்ததில் சிவப்பு நான்கானது. இரண்டாம் வருடம் "ஆள் நிமிர்ந்து நிக்கறது உங்களைப் பாத்த பயத்துல. இயல்பான கூனுக்கு ரெண்டு அங்குலம்" என்றார். அதற்கடுத்த வருடங்களில் அவர் காரணம் சொல்வதை நிறுத்திவிட்டார். நானும் கேட்பதை நிறுத்திவிட்டேன். நுரையீரல் சுருங்கச் சுருங்க ஆளையும் சுருக்கினேன். எனக்கும் முதுகெலும்பு என்று ஒன்று இருந்திருக்கும். அதை மட்டும் நான் அளந்து பார்க்கவே இல்லை.

ஐந்து வருடமாகச் சிவப்பே இல்லாத ஆலை என்று சுவரில் கேடயம் ஏறியது. அதற்குப் பக்கத்தில் ஊதம்மாவுக்கும் ஒன்று: 'சிறந்த சோதனையாளர்'. தன் தொண்டையால்தான் இத்தனை நுரையீரலும் பச்சையாகிறது என்று அவர் மனதார நம்பினார். கேடயத்தை வாங்கிய அன்று என்னிடம் சொன்னார், "பிரசவ வார்டுல எவ்வளவு கத்தினாலும் சில சமயம் கைவிட்டுப் போயிடும் சார். இங்க ஒருத்தர்கூடப் போகல." உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். டீ வந்தது. குடித்தேன்.

இனி ஏணி. ஊதம்மாவின் வீட்டுக்காரர். ஆறடி ஒரு அங்குலம். ப்ளோ ரூமில் பல்பு மாற்ற ஏணி கொண்டுவர மாட்டார்கள். அவரைக் கூப்பிடுவார்கள், அதனால் அந்தப் பெயர். அதிகம் பேசாதவர். மனைவி இருவருக்கும் சேர்த்துப் பேசுவதால் வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமில்லை.

மூன்றாவது வருடத்திலிருந்து ஏணிக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் நெஞ்சை யாரோ கயிற்றால் இறுக்குவதுபோல இருக்கிறது என்பார். வாரக் கடைசியில் கொஞ்சம் தளரும். ஊதம்மா இதை பஸ்ஸில் என்னிடம் சொல்லிச் சிரிப்பார். "ஸ்கூலுக்குப் போற பசங்களுக்குத்தான் சார் லீவு முடிஞ்சா வயித்து வலி வரும். இவருக்கு நெஞ்சு வலி!"

நாலாவது வருடம் சாப்பாட்டில் தகராறு. ஏணிக்கு எதுவும் மணக்கவில்லை, எல்லாம் சப்பென்று இருக்கிறது என்றார். வாயில் போட்ட சோறு மணப்பதே மூக்கின் பின்வாசல் வழியாகத்தான். அந்த வாசலைப் பஞ்சு அடைத்தால் நாக்கு தனியாக என்ன செய்யும்? உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு என்று வாய்ப்பாடு சொல்லும், அவ்வளவுதான். இது ஊதம்மாவுக்குத் தெரியாத விஷயமில்லை. வரிசையில் நிற்பவர்களுக்கு அவரே சொன்னதுதான். ஆனால் புருஷன் சொன்னால் அது விஞ்ஞானமா? குற்றம் கண்டுபிடிப்பது! "இருபது வருஷமா மணந்த குழம்பு இப்ப மணக்கலையாம். கை அதே கைதானே சார்?"

அவர் கல்மனசுக்காரி இல்லை. ஏணிக்குக் காய்ச்சல் என்றால் ராவெல்லாம் உட்கார்ந்திருப்பார். ஆனால் மூச்சு விஷயத்தில் அவரிடம் ஆதாரம் இருந்தது. வருடாவருடம் தானே சோதித்து, தன் கையால் எடுத்த சீட்டு. பீரோக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார். எண்பத்தாறு, பச்சை. ஏணி படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டால், மேலேயிருந்து குரல் வரும்: "நடிக்காதீங்க. உங்க நுரையீரல் எண்பத்தாறு. எனக்குத் தெரியாதா?" ஏணி நடிப்பதை நிறுத்திவிட்டு மேலே ஏறுவார்.

ஆறு வருடங்களில் நான் அந்த மனிதரை ஒரு அடி குறைத்திருந்தேன். வருடத்துக்கு இரண்டு அங்குலம். என் எதிரே அளவுக் கம்பத்தில் வந்து நிற்பார். குறுக்குச் சட்டத்தை அவர் தலைமேல் வைக்க நான் ஸ்டூலில் ஏற வேண்டும். ஸ்டூலில் ஏறி, ஆறு ஒன்று என்று பார்த்து, இறங்கி வந்து ஐந்து ஒன்று என்று எழுதுவேன். அவர் என் கையைப் பார்ப்பார். ஒன்றும் கேட்க மாட்டார். தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் மனைவியின் எதிரே உட்காருவார். "ஊதுங்க! என் மானத்தை வாங்காதீங்க, ஊதுங்க!" பச்சை விழும். ஊதம்மா கைதட்டுவார்.

ஏழாவது வருடம் வெளியூரிலிருந்து துணி வாங்கும் பெரிய கம்பெனிக்காரர்கள் ஆலையைப் பார்வையிட வருவதாகத் தகவல். ஆலை முழுக்கப் புதுச் சீருடை என்று முடிவானது. தையல்காரரைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவராக அளவெடுக்க வேண்டும் என்றார் அவர். ஆபீசருக்கு அங்கேதான் மூளை வேலை செய்தது. "அளவெடுக்க ஆளை நிறுத்தினா மெஷின் நிக்கும். நம்மகிட்டதான் மருத்துவப் பதிவேடு இருக்கே? எல்லாருக்கும் உயரம், எடை சுத்தமா இருக்கு. அதை வெச்சுத் தைங்க."

எழுதி வைத்த பொய்யைத் தானே நம்பிவிட்ட ஒரு மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். தடுத்திருக்கலாம். எப்படித் தடுப்பது? "அந்த உயரமெல்லாம் பொய் சார்" என்று, எழுதச் சொன்னவரிடமே சொல்வதா?

விருந்தினர்கள் வந்த அன்று காலையில் சீருடை கொடுத்தார்கள். அலுவலகத்துக்காரர்களுக்கு அச்சடித்ததுபோலப் பொருந்தியது. நூற்புப் பகுதியில் பேண்ட் கணுக்காலுக்கு மேலே நின்றது. பஞ்சைச் சீவும் பகுதியில் பாதிக் கால். ப்ளோ ரூமில் நாற்பத்திரண்டு ஆண்பிள்ளைகள் முழங்காலைக் கொஞ்சம் தாண்டிய பேண்ட்டோடு பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி வரிசையில் நின்றார்கள். எங்கே தூசி அதிகமோ அங்கே பேண்ட் குட்டை. கண் உள்ள எவனும் ஆலையை ஒரு சுற்று வந்தால் போதும், நுரையீரல் படம் எடுக்கத் தேவையில்லை. விருந்தினர்களில் ஒருவர் காலைக் காட்டி ஏதோ கேட்டார். ஆபீசர் சிரித்த முகம் மாறாமல், "காற்றோட்டத்துக்காக" என்றார். அவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

விசாரணை நடந்தது. தையல்காரர் துணியைத் திருடிவிட்டார் என்று தீர்ப்பு. அவருடைய ஒப்பந்தம் ரத்து.

அன்று மாலை ஏணி அந்தப் பேண்ட்டோடுதான் வீட்டுக்குப் போனார். நடந்ததை மறுநாள் ஊதம்மாவே சொன்னார். கதவைத் திறந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கீழே மடிப்பில் பிரித்துவிடத் துணி இருக்கிறதா என்று பேண்ட்டை வாங்கிப் பார்த்திருக்கிறார். இடுப்புப் பட்டையின் உள்ளே தையல்காரர் தைத்திருந்த துண்டுச் சீட்டு: டோக்கன் 118, உயரம் 5-1.

"வேற யாருதோ மாறி வந்துடுச்சு" என்றாராம்.

"நூத்திப் பதினெட்டு நான்தானே" என்றாராம் ஏணி.

மறுநாள் காலை எட்டரைக்கு ஊதம்மா என் மேசைக்கு முன்னால் நின்றார். வழக்கமாக எட்டு அடியெடுத்து வைப்பதற்குள் எண்பது வார்த்தை பேசுகிறவர்.

"சார், நூத்திப் பதினெட்டுக்கு உயரம் என்ன போட்டிருக்கீங்க?"

"பாத்துச் சொல்றேம்மா. கொஞ்சம் வேலை..."

என் கணினித் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஐந்து பதினொன்று. ஐந்து ஒன்பது. ஐந்து ஏழு. ஐந்து ஐந்து. ஐந்து மூன்று. ஐந்து ஒன்று. விரலை வைத்து மேலிருந்து கீழே படித்தார். மூன்று வாரப் பயிற்சிதான் என்றாலும் அந்த இயந்திரம் உயரத்தை வைத்து என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியும். கத்துவார் என்று காத்திருந்தேன். அந்தத் தொண்டை கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"எல்லாருக்கும் இப்படியா சார்?" என்றார்.

தலையாட்டினேன்.

"தெரிஞ்சா?"

அதற்கும் தலையாட்டினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அப்போது அந்தத் தலையாட்டலைத்தவிர என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆலை வாசலில் தையல்காரர் இஞ்சு டேப்போடு உட்கார்ந்திருந்தார். திருடன் பட்டத்தைத் துடைக்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்று சபதம். சாப்பாட்டு நேரத்தில் வெளியே வரும் ஒவ்வொருவரையும் நிறுத்தி, சுவரில் சாய்த்து அளந்து, நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு பத்தியில் ஆபீஸ் கொடுத்த உயரம், பக்கத்தில் அவர் அளந்த உயரம். "நான் துணியைத் திருடினேனாம் அக்கா! இவங்க ஆளையே இல்ல திருடியிருக்காங்க!" என்று ஊதம்மாவிடம் நோட்டை ஆட்டிக் காட்டினார். நாற்பத்திரண்டு பேரும் முடிந்ததும் ஊதம்மா அந்த நோட்டை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார்.

இயந்திரம் பழைய ஊதல்களை எல்லாம் சேமித்து வைத்திருக்கும். யாரையும் திரும்ப ஊத வைக்க வேண்டியதில்லை. உயரத்தை மட்டும் மாற்றினால் கணக்கு தானாக மாறும். வேலை நேரம் முடிந்த பிறகு நான் நோட்டிலிருந்து உயரத்தைப் படித்தேன், அவர் தட்டினார். பச்சைகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. தொண்ணூறு என்பது அறுபத்து நான்கு ஆனது. எண்பத்தெட்டு, அறுபது. நாற்பத்திரண்டில் முப்பத்தொன்று சிவப்பு. நூற்றுப் பதினெட்டைக் கடைசிக்குத் தள்ளிவைத்திருந்தார்.

"படிங்க சார்."

"ஆறு ஒண்ணு" என்றேன்.

ஆறு வருடத்துக்கும் தட்டினார். எழுபத்தெட்டு. எழுபத்தைந்து. எழுபத்தொன்று. அறுபத்தாறு. அறுபத்திரண்டு. ஐம்பத்தேழு. முதல் வருடமே சிவப்பு, எண்பதுக்கு இரண்டே இரண்டு குறைவு; அந்த வருடம் அவர் ஊத வந்ததே நான் கழிக்கத் தொடங்கிய பிறகுதான். அன்றைக்கே ஆளை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தால் அந்த எழுபத்தெட்டு இன்றும் ஏறக்குறைய அங்கேயே நின்றிருக்கும். தூசி தின்ற நுரையீரல் திரும்ப முளைக்காது என்று குடையை வைத்துக்கொண்டு பாடம் எடுத்தவர் அவர். நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஏணி வெளியே படிக்கட்டில் காத்திருந்தார். ஊதம்மா காகிதத்தை அவர் கையில் கொடுத்து, அருகில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். நான் கதவோரம் நின்றேன். போயிருக்க வேண்டும், போகவில்லை. ஏணி காகிதத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசி வரியைப் பாராயணம் செய்து நான் பாஸ் போட்ட கண்கள் அவருடையதும்தான். பிறகு அவர் முகம் மலர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பரீட்சையில் தேறியவன் முகம் அது.

"அப்ப நான் நடிக்கலைன்னு ஆயிடுச்சா?"

ஊதம்மா காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு" என்றார் ஏணி. "மிஷின் நல்லாருக்குங்குது, நீ நல்லாருக்குங்கற. நம்மதான் சோம்பேறி ஆயிட்டமோன்னு நெனச்சேன். நீ எண்பத்தாறுன்னு சொன்ன அன்னைக்கெல்லாம் கொஞ்சம் நல்லாத்தான் இருந்துச்சு, தெரியுமா?"

ஊதம்மா படிக்கட்டிலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஏணி அவர் முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்து, ஒன்றுமில்லை, நீங்கள் போங்கள் என்பதுபோலக் கையை ஆட்டினார். ஆறு வருடம் அவரைக் குறைத்தவனிடம் அவர் செய்த ஒரே சைகை அதுதான்.

இரண்டு நாளில், அந்த முப்பத்தொரு பேர் லிஸ்ட் விஷயம் காதுக்கு எட்டியதும், ஆபீசர் ஊதம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார். அவர் யாருக்காவது டீ கொடுத்தால் ஆளுக்குச் சனி பிடித்துவிட்டது என்று அர்த்தம். நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

"உங்க வீட்டுக்காரரை வாசல் கேட்டுக்கு மாத்திடலாம்மா. திறந்த வெளி, நல்ல காத்து. இன்னைக்கே ஆர்டர் போடறேன். அந்த லிஸ்ட் எல்லாம் எதுக்கு? நமக்குள்ள பேசிக்கலாம்."

"ஆர்டரை முதல்ல குடுங்க சார். படிச்சுப் பாக்கறேன்."

கொடுத்தார். ஊதம்மா இரண்டு தரம் படித்தார். முத்திரை இல்லையே என்றார். முத்திரை வைத்தார்கள். நகல் வேண்டும் என்றார். நகல் எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டையும் மடித்துப் பையில் வைத்து, டீயைக் குடித்து முடித்து, எழுந்தார். "லிஸ்ட் நேத்தே தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்குப் போயிடுச்சு சார். மிச்சம் முப்பது பேரை உக்கார வைக்க எத்தனை கேட்டு சார் இருக்கு நம்மகிட்ட?"

கோபமே வராத ஆபீசருக்கு அன்று வந்தது. "நம்பிக்கைத் துரோகம்!" என்று கத்தினார். அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

அந்த லிஸ்ட்டின் அடியில் இரண்டு கையெழுத்து இருந்தது. தையல்காரர் அளந்தது சரி என்று அவருடையது ஒன்று. பதிவேட்டில் எழுதியது பொய், எழுதியவன் நான், எழுதச் சொன்னவர் இன்னார் என்று என்னுடையது ஒன்று. வீரத்தில் போட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஊதம்மா பேனாவை நீட்டிக்கொண்டு எதிரே நின்றார், நான் கண்ணைத் தூக்க முடியாமல் போட்டேன். அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் வந்தார். முப்பத்தொரு பேரும் இடம் மாறினார்கள். ப்ளோ ரூமில் தூசி உறிஞ்சும் இயந்திரம் பொருத்தினார்கள். பொருத்தியதற்காக ஆலைக்கு அந்த வருடம் இன்னொரு கேடயம் கிடைத்தது. ஆபீசர் வேறொரு ஆலைக்கு இன்னும் பெரிய பதவியில் போனார். தையல்காரருக்கு எல்லாப் பேண்ட்டிலும் கீழே ஒரு அடி துணி ஒட்டுப்போடும் வேலை கிடைத்தது. எனக்கும் ஊதம்மாவுக்கும் வேலை போனது. எனக்குப் போனது நியாயம். நான் இப்போது ஒரு கண்ணாடிக் கடையில் இருக்கிறேன். அங்கே பொய் சொல்ல அவசியமில்லை, எல்லாருக்கும் கண்ணாடி விற்றாக வேண்டும் என்பதைத் தவிர. ஊதம்மா பழைய பிரசவ வார்டுக்கே போய்விட்டார்.

போன மாதம் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். ஏணி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். கேட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார், லாரி வந்தால் எழுந்து திறக்கிறார், திறந்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பி வருவதற்குள் ஒரு தரம் நின்று மூச்சு வாங்குகிறார் என்றார். ஊதினால் ஐம்பத்தைந்து இப்போது. கீழே இறங்குவது நின்றிருக்கிறது, மேலே ஏறாது.

இத்தனை நாள் தொண்டையில் வைத்திருந்ததை அன்றுதான் சொன்னேன். "என்னை மன்னிச்சிடும்மா."

அவர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் திருப்பத்தில் வருவது தெரிந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"உங்களை என்ன சார் மன்னிக்கிறது. நீங்க அவரோட உயரத்தைத்தான் கொறைச்சீங்க. பக்கத்துலயே படுத்துக்கிட்டு, அவர் மூச்சு வாங்கறதைக் காதால கேட்டுக்கிட்டு, நம்பாதவ நானு."

பஸ் வந்து நின்றது. அவர் ஏறிக்கொண்டார். என்னுடைய பஸ்ஸும் அதுதான், நான் ஏறவில்லை.